கருப்புத் தண்ணீரை எரிக்கும் அடுப்பு

ஒரு டன் காகிதக்கூழ் எடுக்க இரண்டு டன்னுக்குச் சற்று மேல் காய்ந்த மரம் வேண்டும். கூழாகக் கைக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. மீதி மரம் எங்கே போனது என்று கேட்டால், கூழைக் கழுவும்போது வடிகிற கருப்புத் திரவத்தை ஆலைக்காரர்கள் காட்டுவார்கள். பார்க்கக் கெட்டி டிகாஷன் மாதிரி இருக்கும். தொட்டால் சோப்புபோல வழுக்கும், நுரைக்கும், மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும். பிளாக் லிக்கர் என்று பெயர். ஒரு டன் கூழுக்கு இது கிட்டத்தட்ட 10 டன் சேர்ந்துவிடும்.

இதைக் கழிவு என்றே எல்லாரும் எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. ஒழுங்காக நடக்கிற ஓர் ஆலைக்கு நீராவி, மின்சாரம், அடுத்த சமையலுக்கான ரசாயனம் மூன்றும் இந்தக் கருப்புத் தண்ணீரிலிருந்துதான் வருகின்றன. அதைப் பிரித்துக் கொடுப்பது ரெக்கவரி பாய்லர். கூழ் ஆலையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த இயந்திரமும் அதுதான். அது இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் பக்கத்தில் ஓடும் ஆற்றின் நிறமே அமைகிறது.

மரத்தில் இழையாக இருப்பது செல்லுலோஸ். இழைகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசை லிக்னின். காகிதத்துக்கு இழை போதும், பசை போக வேண்டும். அதற்காக மரச் சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் போட்டு, 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். டைஜஸ்டர் என்று சொல்லும் அந்தக் கலம் பல மாடி உயரமுள்ள பிரஷர் குக்கர்தான். வெந்து முடிந்ததும் லிக்னினும் கூடவே கொஞ்சம் சர்க்கரைச் சத்தும் காரத்தில் கரைந்துவிடும். இழை தனியாக நிற்கும். கரைந்தது எல்லாம் சேர்ந்ததுதான் பிளாக் லிக்கர்.

அந்த 10 டன்னில் ஏறக்குறைய எட்டரை டன் வெறும் தண்ணீர். மீதி ஒன்றரை டன் திடப்பொருள். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு எரியக்கூடிய மரச்சத்து, ஒரு பங்கு சோடியம் உப்புகள். உலர்ந்த நிலையில் ஒரு கிலோ எரிந்தால் 13 முதல் 15 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். சர்க்கரை ஆலையிலிருந்து வரும் ஈரக் கரும்புச் சக்கையைவிட இது நன்றாக எரியும் சரக்கு. உப்பின் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு டன் கூழுக்கு 300 கிலோவுக்கும் மேல் காஸ்டிக் சோடா உள்ளே போகிறது. ஒவ்வொரு முறையும் அதைக் காசு கொடுத்து வாங்கிச் சாக்கடையில் விட்டால் எந்த ஆலையும் தாக்குப்பிடிக்காது.

இந்தக் கவலைதான் இன்றைய முறையையே பெற்றெடுத்தது என்று சொல்லலாம். 1850களில் சார்லஸ் வாட், ஹக் பர்ஜஸ் இருவரும் காஸ்டிக் சோடாவை மட்டும் வைத்து மரத்தை வேகவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வடிந்த கரைசலைக் காய்ச்சி எரித்து, சாம்பலிலிருந்து சோடாவை மீட்டார்கள். வழியில் இழந்ததை ஈடுகட்ட விலை அதிகமான சோடா சாம்பலைச் சேர்க்க வேண்டியிருந்தது. இன்று போலந்தில் இருக்கும் டான்சிக் நகரில் கார்ல் தால் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், அதற்குப் பதிலாக மலிவான சோடியம் சல்பேட்டைச் சூளையில் போட்டுப் பார்த்தார். சூளையின் கரி அந்தச் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றிவிட்டது. அந்தச் சல்பைடு கலந்த கரைசலில் வெந்த மரம் சீக்கிரம் வெந்தது, இழையும் முன்பைவிட உறுதியாக வந்தது. 1884ல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மன், ஸ்வீடிஷ் இரண்டிலும் 'கிராஃப்ட்' என்றால் வலிமை. சிமென்ட் மூட்டைக்கும் அட்டைப் பெட்டிக்கும் வரும் பழுப்புக் காகிதத்தைக் கிராஃப்ட் பேப்பர் என்று நாம் சொல்வது அங்கிருந்து வந்தது. ரசாயனத்தை மீட்கும் அடுப்பில் செய்த ஒரு சிக்கன முயற்சியில் பிறந்த முறை இது. எனக்கு மிகவும் பிடித்த தொழில் வரலாறுகளில் ஒன்று.

ஆனாலும் அதற்குப் பிறகு ஐம்பது வருடம் இந்த அடுப்பு சரியாக அமையவில்லை. சுழலும் உருளைகளில் கரைசலைக் கருக்கி, அந்தக் கருஞ்சாம்பலை வேறொரு சூளையில் உருக்கினார்கள். ஆட்கள் வெக்கையில் நின்று வெந்தார்கள். வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணானது. கனடாவில் ஜி. எச். டாம்லின்சன் என்ற பொறியாளர், இரண்டு வேலையையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்தார். கெட்டியாக்கிய கரைசலை உலைக்குள் தெளித்து எரிப்பது, உலையின் சுவர் முழுவதையும் தண்ணீர் ஓடும் குழாய்களாலேயே கட்டி அந்த வெப்பத்தை நீராவியாக்குவது. பாப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அமைத்த அப்படிப்பட்ட பாய்லர் 1934ல் கியூபெக் மாகாணத்தின் வின்ட்சர் மில்ஸ் ஊரில் ஓடத் தொடங்கியது. இன்று உலகத்தில் ஓடும் ரெக்கவரி பாய்லர்கள் எல்லாம் அதன் பிள்ளைகள். அதுவரை மரத்தைக் காரத்துக்குப் பதில் அமிலக் கரைசலில் வேகவைக்கும் முறையில்தான் பெரும்பாலான கூழ் தயாரானது. டாம்லின்சன் பாய்லர் வந்த சில வருடங்களில் கிராஃப்ட் முறை முந்திக்கொண்டது.

சரி, 85 சதவீதம் தண்ணீராக இருக்கிற ஒன்றை எப்படி எரிப்பது? முதலில் காய்ச்ச வேண்டும். 15 சதவீதத் திடப்பொருளை 75 சதவீதத்துக்குக் கொண்டுவர, ஒரு டன் கூழுக்கு எட்டு டன் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். நேரடியாகக் காய்ச்சினால் அதற்கே எட்டு டன் நீராவி போய்விடும். அதனால் ஐந்தாறு கலங்களை வரிசையாக வைக்கிறார்கள். முதல் கலத்திலிருந்து எழும் ஆவி இரண்டாவது கலத்தைச் சூடாக்கும், அதன் ஆவி மூன்றாவதை. கலத்துக்குக் கலம் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். கொடைக்கானலில் தண்ணீர் சமவெளியைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது இல்லையா, அதே சூத்திரம்தான். வெளியிலிருந்து கொடுத்த ஒரு டன் நீராவி நான்கைந்து டன் தண்ணீரை விரட்டிவிடுகிறது. கடைசியில் வருவது தேனைவிடக் கெட்டியான கருப்புப் பாகு. ஆறவிட்டால் குழாயிலேயே உறைந்துவிடும் என்பதால் சூடாகவே வைத்திருப்பார்கள்.

இந்தப் பாகை உலையின் நான்கு பக்கத்திலிருந்தும் துப்பாக்கி என்று அவர்கள் அழைக்கும் முனைகள் வழியாகத் தெளிக்கிறார்கள். துளியின் பருமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மிகச் சிறிதானால் புகையோடு மேலே பறந்து குழாய்களில் ஒட்டும். பெரிதானால் ஈரம் காயாமலே கீழே விழுந்து நெருப்பை அணைக்கும். சரியான துளி, விழுகிற வழியிலேயே காய்ந்து, வாயுவை விட்டு, கரியாகித் தரையில் குவிகிறது. அங்கேதான் இந்தப் பாய்லர் மற்ற பாய்லர்களிலிருந்து பிரிகிறது.

நிலக்கரி பாய்லருக்கு ஒரே குறிக்கோள்தான், எல்லாவற்றையும் முழுதாக எரித்துவிடுவது. ரெக்கவரி பாய்லர் ஒரே அறைக்குள் எதிரெதிரான இரண்டு காரியங்களைச் செய்கிறது. அடியில் கரிக்குவியலுக்குக் காற்றை வேண்டுமென்றே குறைவாகக் கொடுக்கிறார்கள். அந்தக் காற்றுப் பஞ்சத்தில் கரி, சல்பேட்டிலிருக்கும் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு அதைச் சல்பைடாக்குகிறது. மேலே போகப் போகக் காற்று தாராளமாகக் கிடைக்க, மிச்ச வாயுக்கள் முழுதாக எரிகின்றன. நன்றாக நடக்கும் பாய்லரில் 90 சதவீதத்துக்கும் மேல் சல்பேட் சல்பைடாக மாறிவிடும். இந்த மாற்றம் வெப்பத்தைத் தின்னும் வேலை. அதாவது ரசாயனத்தைக் காப்பாற்றக் கொஞ்சம் வெப்பத்தை ஆலை விட்டுக்கொடுக்கிறது. அது லாபமான விட்டுக்கொடுப்பு.

கரி எரிந்து தீரத் தீர, உப்புகள் உருகி உலையின் தரையில் தேங்குகின்றன. ஸ்மெல்ட் என்று சொல்லும் அந்த உருகிய குழம்பு 800 டிகிரிக்கு மேல் செக்கச்செவேலென்று தூம்புகள் வழியே வழிந்துகொண்டே இருக்கும். பெரும்பகுதி சோடியம் கார்பனேட், மீதியில் பெரும்பகுதி சோடியம் சல்பைடு. கீழே இருக்கும் தொட்டியில் நீர்த்த கரைசலோடு கலந்தால் பச்சை நிறத்தில் கிரீன் லிக்கர் கிடைக்கிறது. நுண்ணிய இரும்புச் சேர்மங்கள் தரும் பச்சை அது. இதில் சுண்ணாம்பைப் போட்டால் கார்பனேட் காஸ்டிக் சோடாவாக மாறும். பக்கத்தில் கால்சியம் கார்பனேட் சேறாகப் படியும். மேலே நிற்கும் தெளிவு ஒயிட் லிக்கர், டைஜஸ்டருக்கு முதலில் அனுப்பிய அதே சமையல் கரைசல். படிந்த சேற்றை நீளமான சுழலும் சூளையில் சுட்டால் திரும்பச் சுண்ணாம்பு. ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். மர ஆலைகளில் சமையல் ரசாயனத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படித் திரும்பி வந்துவிடுகிறது. புகையோடு பறக்கும் உப்புத்தூளைக்கூட மின்னேற்றத் தகடுகளில் பிடித்து மறுபடி பிளாக் லிக்கரில் கலந்துவிடுகிறார்கள்.

இந்த அழகுக்குள் ஒரு பயங்கரமும் இருக்கிறது. உலையின் சுவர் முழுக்க அழுத்தத்தில் தண்ணீர், அதற்குச் சில அங்குலம் தள்ளி உருகிய உப்பு. ஒரு குழாய் ஒழுகித் தண்ணீர் அந்தக் குழம்பில் கலந்துவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நீராவியாக வெடித்து விரியும். எதுவும் எரிந்து வெடிப்பதில்லை, தண்ணீர் திடீரென்று ஆயிரம் மடங்குக்கு மேல் பருப்பதே வெடிப்பு. கெட்டியான இரும்புச் சுவர்களைப் பிளந்து, ஆட்களைக் கொன்ற விபத்துகள் அமெரிக்காவில் அடுத்தடுத்து நடந்தபின், 1960களின் தொடக்கத்தில் ஆலைகளும் பாய்லர் தயாரிப்பாளர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் எழுதிய விதிகளைத்தான் இன்று பல நாடுகளும் பின்பற்றுகின்றன. பாகின் திடப்பொருள் அளவு 58 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உலைக்குப் போகும் வழி தானாகவே அடைபட வேண்டும். ஏனென்றால் நீர்த்த பாகும் தண்ணீர்தான். குழாய் ஒழுகுகிறது என்ற சந்தேகம் வந்தாலே எரிபொருளை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி, உலைத் தரைக்கு 8 அடி உயரம்வரை மட்டும் தண்ணீரை விட்டுவைத்து மீதியை வேகமாக வடித்துவிட வேண்டும். முழுவதையும் வடித்தால் கீழே இருக்கும் குழாய்கள் சூட்டில் கெட்டுப்போகும் என்பதால் அந்த 8 அடி. அந்தப் பொத்தானை அழுத்தினால் ஆலை நாள்கணக்கில் நிற்கும், பெரும் பணம் போகும். ஆனாலும் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ஆபரேட்டர் யாரையும் கேட்காமல் அழுத்தலாம், அழுத்த வேண்டும். பாய்லர் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் விதி இது.

நாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காகித ஆலை இருக்கும் ஊருக்குள் பஸ் நுழையும்போதே அழுகிய முட்டைகோஸ் வாடை வருகிறதே, அது கந்தக வாயுக்கள். ஹைட்ரஜன் சல்பைடு, மெர்கப்டன் போன்றவை. நூறு கோடியில் சில பங்கு கலந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். பழைய பாய்லர்களில் புகையையே பிளாக் லிக்கரின்மேல் செலுத்திக் கடைசிக் கட்டமாகக் காய்ச்சினார்கள். புகையிலிருக்கும் கரியமில வாயு லிக்கரிலிருந்து கந்தகத்தைக் கிளப்பிவிட்டது. அந்த அமைப்பை எடுத்துவிட்டு நீராவியால் மட்டுமே காய்ச்சத் தொடங்கிய பிறகு வாடை வெகுவாகக் குறைந்தது. குழாயில் வரும் நாற்ற வாயுக்களைச் சேகரித்து உலையிலேயே எரிப்பதும் இப்போது வழக்கம்.

பின்லாந்தின் ஆனெகோஸ்கி ஊரில் 2017ல் தொடங்கிய மெட்சா நிறுவன ஆலை, வருடத்துக்கு 13 லட்சம் டன் கூழ் எடுக்கும் அளவு கொண்டது. அதன் உற்பத்தியில் நிலக்கரியோ எண்ணெயோ கிடையாது. தனக்கு வேண்டிய மின்சாரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தயாரித்து மிச்சத்தை விற்கிறது. பைன் மரக் கரைசலின் மேல் மிதக்கும் சோப்பைத் தனியே எடுத்து எண்ணெயாக்குகிறார்கள். கேட்கப் பொறாமையாக இருக்கும். ஆனால் அங்கே வேகவைப்பது மரம். நம்மிடம் இருப்பது வேறு சரக்கு.

கரும்புத் தோட்டத்தில் நடந்தவர்களுக்குத் தோகை கையைக் கிழிப்பது தெரியும். அந்தக் கூர்மைக்குக் காரணம் சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். புல் வகைத் தாவரங்கள் எல்லாமே மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தங்கள் உடம்பில் வைத்துக்கொள்கின்றன. மரத்தில் இது மிகக் குறைவு. கரும்புச் சக்கையில் கூடுதல், மூங்கிலிலும் கோதுமை வைக்கோலிலும் இன்னும் கூடுதல், நெல் வைக்கோலில் மிக அதிகம். காரத்தில் வேகும்போது சிலிக்காவும் கரைந்துவிடும். அப்புறம் வட்டம் முழுக்க அது தொல்லை கொடுக்கிறது. காய்ச்சும் கலங்களின் குழாய்களுக்குள் கண்ணாடிபோலப் படிகிறது. உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவத்தைவிடப் பல மடங்கு கெட்டி, லேசில் பெயராது. தண்ணீர் போதுமான அளவு வற்றுமுன்பே பாகை ஓடாதபடி இறுக்கிவிடுவதால் 75 சதவீதத் திடப்பொருள் என்ற கனவே எட்டாது. கழுவும்போதே தண்ணீரும் அதிகம் சேர்வதால் சக்கைக் கரைசல் பெரும்பாலும் 10 சதவீதம் திடப்பொருளோடுதான் புறப்படுகிறது. சுண்ணாம்புச் சேற்றிலும் சிலிக்கா ஏறிக்கொள்கிறது. சுட்டுச் சுட்டுத் திரும்பப் பயன்படுத்தினால் சுற்றுக்குச் சுற்று சேர்ந்து, கடைசியில் சுண்ணாம்பு என்ற பெயரில் பாதி உதவாத மண்தான் சுழலும்.

இதை நம் ஊரிலேயே எதிர்கொண்ட இடம் கரூர் மாவட்டத்துப் புகளூர். தமிழக அரசு 1979ல் தொடங்கிய டி.என்.பி.எல். (தமிழ்நாடு நியூஸ்பிரின்ட் அண்டு பேப்பர்ஸ்) நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதமும் எழுதும் காகிதமும் செய்யக் காகிதபுரத்தில் ஆலை அமைத்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத்தான் தங்கள் பாய்லரில் எரித்துக்கொண்டிருந்தன. அதை வாங்க வேண்டுமானால் அவர்களுக்கு வேறு எரிபொருள் வேண்டும். நிலக்கரியோ நீராவியோ கொடுத்து அதற்கு மாற்றாகச் சக்கையைப் பெறும் பண்டமாற்று ஏற்பாடு அப்படி வந்தது. சக்கையின் நடுவில் இருக்கும் சோற்றுப் பகுதியில் நல்ல இழை கிடையாது, ரசாயனத்தைக் குடிப்பதும் அழுக்கைச் சுமப்பதும் அதுதான். அதைப் பிரித்துப் பாய்லருக்கு அனுப்பிவிட்டு இழையை மட்டும் வேகவைப்பார்கள். சக்கையைக் கழுவிய தண்ணீரில் சர்க்கரைச் சத்து இருக்குமே, அதை நொதிக்கவிட்டு வரும் வாயுவைச் சுண்ணாம்புச் சூளைக்கு எரிபொருளாகக் கொடுத்தார்கள். சூளைக்குத் திருப்ப முடியாத சுண்ணாம்புச் சேற்றையும் பாய்லர் சாம்பலையும் சேர்த்து ஆலை வளாகத்திலேயே சிமென்ட் செய்கிறார்கள். காகிதச் சுண்ணாம்பில் சிலிக்கா எதிரி. சிமென்டுக்கோ சிலிக்கா இல்லாமல் முடியாது. ஓரிடத்தில் வட்டம் உடைந்ததும், அந்த உடைந்த துண்டை வைத்து வேறொரு வட்டம் போட்டிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. 1970களில் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுக்க வைக்கோலையும் சக்கையையும் வைத்துச் சின்னச் சின்ன ஆலைகள் முளைத்தன. நாளைக்கு 20, 30 டன் செய்கிற ஆலைக்கு ரெக்கவரி பாய்லர் கட்டுப்படியாகாது. பெரிய ஆலைக்குத்தான் அந்த முதலீடு திரும்பும். அதனால் பிளாக் லிக்கர் அப்படியே ஆற்றுக்குப் போனது. லிக்னினை நுண்ணுயிர்கள் எளிதில் தின்னாது. எத்தனை நாள் காற்றூட்டி வைத்தாலும் பழுப்பு நிறம் மறையாது. அதில் இருக்கும் சோடியம் பாசன வயலுக்குள் போனால் மண் இறுகிக் களராகிவிடும். சின்ன வயதில் ஓர் ஆலைக்குக் கீழ்ப்புறம் டீத்தண்ணீர் நிறத்தில் ஓடிய வாய்க்காலைப் பார்த்திருக்கிறேன். கரையில் நுரை மல்லிகைப்பூக் குவியல்போல் ஒதுங்கியிருக்கும். அது என்ன என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

2003ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்துறைகளோடு செய்துகொண்ட பொறுப்பேற்பு ஒப்பந்தத்தில், சிறிய ஆலைகள் மூன்று வருடத்துக்குள் ரசாயன மீட்பு ஏற்பாடு செய்ய வேண்டும், அல்லது பழைய காகிதத்துக்கு மாற வேண்டும் என்று எழுதப்பட்டது. பழைய காகிதத்தை மறுபடி கூழாக்கும்போது லிக்னினைக் கரைக்கும் வேலை இல்லை, பிளாக் லிக்கரும் இல்லை. பல ஆலைகள் அந்த வழியில் போயின. சில ஆலைகள், அடியிலிருந்து ஊதும் காற்றில் மணல்போன்ற துகள்கள் மிதக்கும் படுகையில் லிக்கரை எரித்துச் சோடா சாம்பலை உருண்டைகளாக எடுக்கும் சிறிய உலைகளை வைத்தன. அதில் சோடா கிடைக்கும், மின்சாரம் எடுக்குமளவு நீராவி கிடைக்காது. ஆற்றைக் காப்பாற்ற அது போதும்.

ஒவ்வொரு குளிர்காலமும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் வைக்கோல் எரிகிறது, டில்லி மூச்சுத் திணறுகிறது. வைக்கோலில் காகிதம் செய்யலாமே என்று நல்ல மனதோடு பலரும் கேட்கிறார்கள். செய்யலாம், இழை நன்றாகவே இருக்கும். தடை நிற்பது இந்த அடுப்பில். தீர்வும் தெரியாததல்ல. பிளாக் லிக்கரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் காரம் குறைந்து, கரைந்திருந்த சிலிக்கா திரளாகப் பிரிந்து வரும். காரத்தை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டால் லிக்னினும் சேர்ந்து பிரியத் தொடங்கும், அதோடு எரிபொருளும் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகல். பிரிந்து வரும் சிலிக்காவோ கூழ்மமாக, வடிகட்டித் துணியை அடைத்துக்கொண்டு நிற்கும். வைக்கோல் காகிதத்துக்காக யாராவது ஆலை அறிவிக்கும்போது காகித இயந்திரத்தின் அகலத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். நான் அந்தச் செய்தியில் முதலில் தேடுவது, சிலிக்காவை எந்த இடத்தில் எடுக்கப் போகிறார்கள் என்ற ஒரு வரியைத்தான்.